மார்கழியை நம்பிப் போடும் கணக்கு

மயிலாப்பூரிலோ ஆழ்வார்பேட்டையிலோ இருநூறு பேர் உட்காரக்கூடிய ஒரு சின்னக் கச்சேரி அரங்கைத் தொடங்கினால் கட்டுப்படியாகுமா என்று யோசிப்பவர்கள் எல்லாரும் முதலில் போடுவது ஒரே கணக்கைத்தான். எத்தனை இருக்கை, டிக்கெட் என்ன விலை, வருஷத்துக்கு எத்தனை நாள் கச்சேரி. மூன்றையும் பெருக்க வேண்டியது. 200 இருக்கை, 300 ரூபாய், 150 நாள் என்றால் 90 லட்சம் வருகிறது. அதில் பாதி செலவானாலும் பாதி நிற்கும் என்று மனசு சொல்லும். 2017இல் யுனெஸ்கோவின் இசை நகரங்கள் பட்டியலில் ஏறிய ஊர் வேறு. இங்கே போணியாகாதது வேறெங்கே போணியாகப்போகிறது என்ற தெம்பும் சேர்ந்துகொள்ளும்.

இந்தப் பெருக்கல் கணக்கைக் கேலி செய்வது சுலபம். ஆனால் அதில் ஒரு நேர்மை இருக்கிறது. நம் ஊரில் இசைக்காக அமைப்பு தொடங்கியவர்களில் பெரும்பாலோர் இந்த அளவுக்குக்கூடக் கணக்குப் பார்த்ததில்லை. ஆர்வம் இருக்கும், நாலு நண்பர்கள் இருப்பார்கள், நன்கொடை கொடுக்க ஒரு பெரிய மனிதர் இருப்பார். பற்றாக்குறை வந்தால் செயலாளர் தன் கைப்பணத்தைப் போட்டுச் சமாளிப்பார். அதோடு ஒப்பிட்டால், ‘ஒரு நாளைக்கு உச்சபட்சமாக இவ்வளவுதான் வரும்’ என்று கூரையைக் காட்டிவிடுகிற கணக்கு நல்ல கணக்குதான். அரங்கு நிரம்பினாலும் அறுபதாயிரத்துக்கு மேல் ஒரு ரூபாய் வராது என்பது எழுதிப் பார்த்தால்தான் உறைக்கும். முன்னணிப் பாடகர் ஒருவரின் சன்மானத்தை அதன் பக்கத்தில் எழுதினால், அந்தப் பெயரை அழைக்கும் ஆசை அங்கேயே அடங்கிவிடும். வீண் ஆசைகளைக் கழிக்க இது உதவும். அரங்கு தொடங்கலாமா என்ற முடிவுக்குத்தான் உதவாது.

முதல் ஓட்டை, வருகிற தலைகளையெல்லாம் டிக்கெட் வாங்கிய தலைகளாக எண்ணுவது. கச்சேரி நாளன்று மத்தியானத்திலிருந்து செயலாளரின் கைபேசியில் ஒலிக்கும் வாக்கியம் ஒன்றுதான்: “சார், ரெண்டு பாஸ் கிடைக்குமா?” கேட்பவர் பாடகியின் மாமியார் வீட்டுக்காரராக இருப்பார், விளம்பரப் பதாகை கொடுத்த வங்கியின் மேலாளராக இருப்பார், நாளைக்கு விமர்சனம் எழுதப்போகிறவராக இருப்பார். யாரையும் முகத்தில் அடித்தாற்போல மறுக்க முடியாது. அரங்கில் 120 பேர் உட்கார்ந்திருந்தால் அதில் 30 பேராவது பாஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். மிச்சம் 90 டிக்கெட், 27,000 ரூபாய். ஓரளவு பெயர் எடுத்த இளம் பாடகி, வயலின், மிருதங்கம், கடம் எல்லோருக்குமாக 25,000. ஒலி அமைப்பவருக்கு 5,000. மின்சாரத்துக்கும் டீசலுக்கும் 4,000. வாசலில் நிற்பவர், பெருக்குபவர், மேடைக்குக் காபி என்று 3,000. மொத்தம் 37,000. வாடகையைத் தொடாமலே பத்தாயிரம் கையைக் கடிக்கிறது. இவை என் உத்தேச எண்கள்தான், அரங்குக்கு அரங்கு கூடும் குறையும். ஆனால் வரவைவிடச் செலவு பெரிது என்ற நிலை அவ்வளவு சீக்கிரம் மாறாது. ஆறு மணிக் கச்சேரிக்கு ஐந்து மணிக்கே ஏசியைப் போட வேண்டும், நாற்பது பேர் வந்தாலும் நானூறு பேர் வந்தாலும்.

விலையை ஏற்றினால் என்ன? இங்கே இரண்டு சுவர்கள் குறுக்கே நிற்கின்றன. ஒன்று வரி. இசை நிகழ்ச்சியின் நுழைவுக் கட்டணம் ஆளுக்கு 500 ரூபாய் வரை இருந்தால் ஜிஎஸ்டி கிடையாது; அதைத் தாண்டினால் 18 சதவீதம். வரிப் பதிவு பெற்ற அரங்கு 501 ரூபாய் என்று விலை வைத்தால் ரசிகர் 591 ரூபாய் கொடுக்க வேண்டியிருக்கும். ஆகவே சிறிய அரங்குக்கு 500 என்பது நடைமுறையில் உச்ச விலை. இரண்டாவது சுவர் இன்னும் உயரமானது. இந்த ஊரில் நல்ல சங்கீதம் இலவசமாகவும் கிடைக்கிறது. நவராத்திரி, ராமநவமி, கோயில் உற்சவம் என்றால் கோயில் மண்டபத்தில் பாய் விரித்து உட்கார்ந்து கேட்கலாம். சீசனில் காலையிலும் மத்தியானத்திலும் இளம் கலைஞர்களின் கச்சேரிகளுக்குப் பல சபாக்களில் டிக்கெட்டே இல்லை. போன வாரம் காசில்லாமல் கேட்ட அதே பாடகியை இந்த வாரம் 400 ரூபாய் கொடுத்துக் கேட்கச் சொல்வதற்கு ஒரு காரணம் வேண்டும். நல்ல ஒலியும் சாய்ந்து உட்கார நாற்காலியும் காரணங்கள்தான். ஆனால் இருநூறு பேரை வாரத்துக்கு மூன்று நாள் இழுத்து வரும் அளவுக்குப் பெரிய காரணங்கள் அல்ல.

கேண்டீனைச் சொல்வீர்கள். தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் பாதிக் கூட்டம் எழுந்து போவது எங்கே என்று எல்லோருக்கும் தெரியும். சீசன் கேண்டீன் ஒப்பந்தம் பெரிய சபாக்களுக்கு நல்ல வரவு. ஆனால் அந்த வியாபாரம் நிற்பது கச்சேரி கேட்காமல் சாப்பிட மட்டும் வருகிறவர்களால். அதற்கு இடம் வேண்டும். பந்தல் போடத் திறந்த வெளி, சமையலுக்குத் தனி வாசல், வண்டி நிறுத்த இடம். மாடியில் இருநூறு நாற்காலி போட்டவருக்கு அதிகபட்சம் ஒரு காபி மேஜைதான் சாத்தியம். மேல்நாட்டுச் சின்ன அரங்குகளை உதாரணம் காட்டுகிறவர்களும் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள். பிரிட்டனில் அடித்தட்டு இசை அரங்குகள் பெரிய அளவில் நம்பியிருப்பது மது விற்பனையை. அப்படி இருந்தும், அங்குள்ள மியூசிக் வெனியூ டிரஸ்ட் 2023ஆம் ஆண்டுக்கு வெளியிட்ட அறிக்கையில் சராசரி லாபம் அரை சதவீதம். அந்த ஒரே வருஷத்தில் 125 அரங்குகளில் இசை நின்றுபோனது. சென்னையில் மதுக்கூடம் என்றால் நட்சத்திர ஓட்டலும் கிளப்பும். பியர் ஈடுகட்ட முடியாத பள்ளத்தை ஃபில்டர் காபி ஈடுகட்டும் என்று நான் நம்பவில்லை.

இது நிர்வாகத் திறமை போதாத குறை மட்டுமல்ல. வில்லியம் பாமோல், வில்லியம் போவன் என்ற இரண்டு அமெரிக்கப் பொருளியலாளர்கள் 1966இல் வெளியிட்ட நூலில் நிகழ்கலைகளின் நிரந்தரச் சிக்கலை விளக்கினார்கள். தொழிற்சாலையில் ஓர் ஆள் செய்யும் பண்டம் வருஷா வருஷம் கூடுகிறது, அதனால் கூலி உயர்ந்தாலும் தாங்கிக்கொள்ள முடிகிறது. கச்சேரியில் அது நடக்காது. அறுபது வருஷத்துக்கு முன் ஒரு ராகம் தானம் பல்லவிக்குத் தேவைப்பட்ட ஆட்களும் நேரமும் இன்றைக்கும் தேவை. மிருதங்கக்காரர் இரண்டு மடங்கு வேகமாக வாசித்தால் செலவு பாதியாகிவிடாது. வெளியுலகக் கூலி ஏற ஏற கச்சேரிச் செலவும் ஏறும், டிக்கெட் வருமானம் மூச்சிரைத்துப் பின்னால் வரும்.

பழைய சபாக்கள் இதை எப்படித் தாண்டின என்று பார்த்தால், அவை டிக்கெட்டை நம்பி இருக்கவேயில்லை. உறுப்பினர் சந்தாவை நம்பின. வருஷ ஆரம்பத்திலேயே பணம் கைக்கு வந்துவிடும், பதிலுக்கு மாதாமாதம் நிகழ்ச்சி. அந்த நிகழ்ச்சிகளிலும் பாட்டைவிட நாடகமே பலருக்கு இழுப்பு. ஒய்.ஜி. பார்த்தசாரதி, சோ, பின்னாளில் எஸ்.வி. சேகர், கிரேஸி மோகன் என்று சபா நாடகத்துக்கென்றே குழுக்கள் இருந்தன. குடும்பத்தோடு சிரிக்க வந்த கூட்டத்தின் சந்தா, கல்யாணி ஆலாபனைக்கும் சேர்த்துப் படியளந்தது. 1975இல் சென்னைக்குத் தொலைக்காட்சி வந்தது; காலப்போக்கில் அந்தச் சிரிப்பு வீட்டுக் கூடத்துக்கே குடிபெயர்ந்தது. நாடகக் கூட்டம் கரைந்ததோடு சந்தா முறையின் முதுகெலும்பும் தேய்ந்தது. அதன் இடத்துக்கு வந்தவை விளம்பரதாரரும் அறக்கட்டளைக் கச்சேரியும். அறக்கட்டளை என்பது தாத்தா பெயரில் ஒரு தொகையை வைப்பில் போட்டு, வட்டியில் வருஷத்துக்கு ஒரு கச்சேரி நடத்துவது. கேட்க அழகாக இருக்கும். ஒரு காலத்தில் பெருந்தொகையாகத் தெரிந்த பத்தாயிரத்தின் இன்றைய வட்டி, வயலின்காரரின் ஆட்டோவுக்குக் காணாது.

புதிய அரங்குக்கு மிஞ்சுகிற நிஜமான வழி இடத்தை வாடகைக்கு விடுவது. இதைத்தான் பெருக்கல் கணக்கு கவனிப்பதேயில்லை, ஏனென்றால் போடுகிறவர் தன்னைக் கச்சேரி நடத்துபவராகப் பார்க்கிறார், கூடம் வைத்திருப்பவராகப் பார்ப்பதில்லை. அரங்கேற்றம், நூல் வெளியீடு, இசைப்பள்ளி ஆண்டு விழா, சத்சங்கம், ஒலிப்பதிவு எல்லாம் முழு வாடகை தருபவை. அரங்கு நிரம்பியதா என்பது வாடகைக்கு எடுத்தவரின் கவலை. இங்கே கட்டட நுணுக்கம் ஒன்று வருமானத்தைத் தீர்மானிக்கிறது. பாட்டுக் கச்சேரிக்குப் பதினாறு அடி மேடை தாராளம். பரதநாட்டியத்துக்கு அது போதாது; இருபத்து நாலு அடியாவது அகலம், அடவுக்கு இடம் கொடுக்கும் மரத்தளம், உடை மாற்றக் கண்ணாடி போட்ட அறை, பக்கவாட்டில் பாட்டுக்காரர்கள் உட்கார இடம் வேண்டும். அமெரிக்காவில் வளரும் பெண்கள் பள்ளி விடுமுறையில் இங்கே வந்து அரங்கேற்றம் செய்யும் ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மாதங்கள் கூடம் வைத்திருப்பவருக்கு இன்னொரு மார்கழி. மேடையில் எட்டு அடி மிச்சம் பிடித்தவர் அந்த மார்கழியைத் தொலைத்துவிடுகிறார்.

சரி, வாடகை வரவை வைத்து மறுபடி கணக்குப் போடுவோம். மாலைக்கு 15,000 ரூபாய், மாதம் 12 மாலை: 1,80,000. ஆள் சம்பளம், மின்சாரம், பராமரிப்பு ஒரு லட்சம். எண்பதாயிரம் நிற்கிறது. அரங்குக்கு 4,000 சதுர அடி, சதுர அடிக்கு 80 ரூபாய் என்று வெளியே வாடகை கொடுக்க வேண்டியிருந்தால் மாதம் 3,20,000. மூடிவிட்டுப் போக வேண்டியதுதான். ஆனால் இடம் சொந்தம் என்றால் அந்த வரியே கணக்கிலிருந்து மறைந்துவிடும், எண்பதாயிரம் லாபமாகத் தெரியும். ‘நமக்கென்ன, வாடகையா கொடுக்கிறோம்?’ என்ற இந்தச் சமாதானம்தான் எல்லா ஓட்டையிலும் பெரிய ஓட்டை. அதே மாடியை ஒரு பல் மருத்துவமனைக்கோ டியூஷன் சென்டருக்கோ விட்டிருந்தால் 3,20,000 வந்திருக்கும். எண்பதாயிரம் சம்பாதிப்பதாக நினைக்கும் குடும்பம் உண்மையில் மாதம் 2,40,000 ரூபாயைச் சங்கீதத்துக்கு நன்கொடையாகக் கொடுக்கிறது. கொடுக்கட்டும், அது அவர்கள் பிரியம். மயிலாப்பூர்ப் பக்கம் சின்ன அரங்குகள் உயிரோடு இருப்பதே அப்படிப்பட்ட பிரியத்தால்தான் என்பது என் எண்ணம். ஆனால் நன்கொடையை லாபம் என்று எழுதிவைத்தால், அடுத்த தலைமுறை கணக்கைத் திறக்கும் நாளில் அரங்கு போய்விடும்.

அதனால்தான் மார்கழியை வைத்து மதிப்பிடுவதை நான் ஏற்பதில்லை. டிசம்பர் நடுவிலிருந்து பதினைந்து இருபது நாள் எந்த அரங்கும் நன்றாகத்தான் தெரியும், அந்தக் கூட்டத்தையும் சில மைல் சுற்றளவில் டஜன் கணக்கான சபாக்கள் பங்கு போட்டுக்கொள்கின்றன. சோதனைக்கு உகந்த நாள் மார்ச் மாதத்துச் செவ்வாய்க்கிழமை. பிள்ளைகளுக்குப் பொதுத்தேர்வு, பெற்றோர் வீட்டை விட்டு நகரமாட்டார்கள், வெளிநாட்டு ரசிகர்கள் ஊருக்குத் திரும்பிவிட்டார்கள், லஸ் பக்கம் மெட்ரோ வேலைக்காகப் பாதையைத் திருப்பி விட்டிருக்கிறார்கள். அன்றைக்கு நாற்பது பேர் காசு கொடுத்து வருவார்களா, வராவிட்டால் கூடத்தை யாராவது வாடகைக்கு எடுப்பார்களா என்று பார்க்க வேண்டும்.

இதைத் தெரிந்துகொள்ள அரங்கு கட்ட வேண்டிய அவசியமும் இல்லை. மியூசிக் அகாடமி 1927இல் சென்னையில் நடந்த காங்கிரஸ் மாநாட்டையொட்டிப் பிறந்து 1928இல் தொடங்கப்பட்டது. அதன் சொந்தக் கட்டடத்துக்கு நேரு அடிக்கல் நாட்டியது 1955இல், அரங்கு திறந்தது 1962இல். முப்பது வருஷத்துக்கு மேல் பந்தலிலும் பிறர் இடத்திலும் நடத்தி, கூட்டத்தைச் சேர்த்துக்கொண்ட பிறகுதான் செங்கல்லுக்குப் போனார்கள். இன்றைக்குத் தொடங்க நினைப்பவர் முப்பது வருஷம் காத்திருக்க வேண்டாம். ஒரு பள்ளி அரங்கை மாதம் நாலு மாலைக்கு எடுத்து, ஜனவரி பாதியில் தொடங்கி அடுத்த நவம்பர் வரை, அதாவது மார்கழியை அறவே தவிர்த்து நடத்திப் பார்க்கலாம். பாஸை ஒரு நிறத்திலும் டிக்கெட்டை வேறு நிறத்திலும் அச்சடித்து, வாசலில் கிழித்த துண்டுகளை அன்றன்றைக்கே பிரித்து எண்ணி வைத்துக்கொண்டால், நவம்பரில் கட்டட ஒப்பந்தக்காரரிடம் பேசுவதா வேண்டாமா என்பது தெரிந்துவிடும்.