சுனாமிகா: விலையில்லாப் பொம்மையும் அதன் கூலியும்

2004 டிசம்பர் 26 அன்று கடல் பொங்கித் தமிழ்நாட்டுக் கரையில் ஏறத்தாழ 8,000 உயிர்களைக் கொண்டுபோன பிறகு, படகுக்கும் வலைக்கும் பொருள் திரட்டியோர் பலராக இருக்க, ஆரோவில்லில் ‘உபாசனா’ என்னும் ஆடை வடிவமைப்பு நிலையத்தை நடத்திவந்த உமா பிரஜாபதி, சுற்றியுள்ள கடலோரக் கிராமங்களில் துக்கத்தால் செயலிழந்திருந்த மீனவப் பெண்களின் கையில் ஊசியையும் நூலையும், வீணென்று கழித்த வெட்டுத்துணிகளையும் கொடுத்தார். 2005இல் அவ்வாறு பிறந்ததே சுனாமிகா. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் இந்தப் பொம்மைக்கு விலை கிடையாது, இனாமாகவே தரப்படுகிறது, பெற்றவர்கள் மனமுவந்து அளிக்கும் நன்கொடையே அடுத்த பொம்மையின் துணிக்கும் உழைப்புக்கும் ஆதாரம். இவ்விதமாகவே லட்சக்கணக்கான பொம்மைகள் பல தேசங்களுக்கும் போய்ச் சேர்ந்திருக்கின்றன.

இம்முறையைப் புகழ்வோர் அதன் கொடைத்தன்மையையே பெரிதும் புகழ்கிறார்கள். என் அபிப்பிராயத்தில் இதன் மேன்மை வேலையிலேயே இருக்கிறது. அத்தனை சிறிய கையையும் காலையும் தைத்து முடிக்க, கண்ணும் விரலும் ஓரிடத்தில் நிலைக்க வேண்டும்; தையல் ஒன்று பிசகினாலும் முகம் கோணிவிடும். ஆறுதல் மொழிகள் நுழைய முடியாத மனத்தில் இந்தச் சிரத்தை மெல்ல இடம் பிடிக்கிறது. படகும் வலையும் பெரும்பாலும் ஆண்களின் உடைமையாதலால் நிவாரணமும் அவ்வழியே சென்ற ஒரு காலத்தில், மீன்கூடை சுமந்து ஜீவனம் செய்த பெண்ணுக்குத் தன் கையால் ஈட்டிய பணம் கிடைத்தது என்பதைச் சாமானியமாக எண்ணிவிட முடியாது.

பொம்மைக்குச் சுனாமி என்னும் அழிவின் பெயரைச் சூட்டலாமா என்று சிலர் கேட்கக்கூடும். உச்சரிக்கவே நடுங்கிய சொல்லைக் குழந்தையின் பெயர்போல் வாயில் வரச் செய்ததை நான் குறையாகக் கொள்ளேன்.

குறை வேறிடத்தில் இருக்கிறது. உலகத்தாரின் கருணை, பேரழிவின் நினைவு பசுமையாயிருக்கும்வரை பெருகி, பிறகு வற்றிவிடும் இயல்புடையது. தைப்பவளின் அடுப்போ நாள்தோறும் எரிந்தாக வேண்டும். விலையில்லாத பொருளில் உழைப்பின் மதிப்பை நிர்ணயிப்பவர் பெறுபவரே ஆகிவிடுவதால், உரிமையாக வரவேண்டிய கூலி தர்மத்தின் சாயலைப் பெற்றுவிடும் அபாயம் இம்முறையின் உள்ளேயே அமைந்திருக்கிறது. மேலும், ஒரே வடிவத்தை ஆயிரமாயிரமாகத் தைக்கும் விரல் வேகம் பெறலாம். கற்பனை பெறுவது அரிது. விடியற்காலையில் எவர் உதவியுமின்றிப் புள்ளிகளைச் சுற்றிப் புதுக்கோலம் வளைக்கும் பெண்ணுக்குப் பொம்மையின் புது வடிவமும் தோன்றாமலா போகும்?

ஆகவே, நன்கொடை வந்தாலும் வராவிட்டாலும் குறையாத கூலியை முதலில் உறுதி செய்துவிட்டு, மிஞ்சுவதைத் தைப்பவர்களே வகுக்கும் புதிய வடிவங்களுக்குச் செலவிடுவதே இத்தகைய முயற்சிகளுக்குத் தகும். அதற்காகச் சில பொம்மைகளை விலைக்கு விற்க நேர்ந்தாலும் அதில் இழிவு ஒன்றுமில்லை.