பெயரில் எஞ்சிய எழுத்து

தையற்காரரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லையும் நடிகை எலிசபெத் டெய்லரின் குடும்பப் பெயரையும் தமிழில் எழுதினால் இரண்டும் ‘டெய்லர்’தான். ஆங்கிலத்தில் அப்படியில்லை. தொழிலுக்கு நடுவில் ஐ என்கிற எழுத்து, பெயருக்கு ஒய். காதுக்கு ஒன்று, கண்ணுக்கு வேறு. 1968இல் பாரிசில் ஆற்றிய உரையில் தெரிதா, வித்தியாசம் என்பதற்கான பிரெஞ்சுச் சொல்லில் ஓர் எழுத்தை மாற்றிப்போட்டு, உச்சரிப்பில் பிடிபடாமல் எழுத்தில் மட்டுமே தெரிகிற வேறுபாடு ஒன்றை உண்டாக்கிக் காட்டினார். அவருக்கு அது தத்துவப் பிரச்சினை. கொல்லர், ஓடு வேய்பவர், நெசவுக்காரி ஆகியோரின் பெயர்களிலோ அந்த வேறுபாடு சில நூற்றாண்டுகளாகச் சும்மா கிடக்கிறது.

பழைய எழுத்துக்கூட்டல் என்றதும் பலருக்கு ஒரு பரவசம் வந்துவிடுகிறது; பாரம்பரியம், வம்சம், மாளிகை என்று. ‘ஸ்மித்’தை எடுத்துக்கொள்வோம். பொருள் கொல்லர். இடைக்கால எழுத்தர்கள் இறகுப் பேனாவால் எழுதியபோது எம், என், யு, ஐ எல்லாமே ஒரே மாதிரியான சின்னச் சின்னச் செங்குத்துக் கோடுகளாக விழுந்தன. எம்முக்குப் பக்கத்தில் ஐ வந்தால் கோடுகளை எண்ணித்தான் படிக்கவேண்டும். அந்தத் தொல்லைக்காகவே இம்மாதிரி இடங்களில் ஐக்குப் பதில் ஒய் போடுகிற வழக்கம் பரவியது. படிக்கிறவன் கண் நோகக்கூடாது, அவ்வளவுதான் விஷயம். பிற்பாடு சொல் ஐயோடு நிலைபெற்றது. சில குடும்பங்களில் ஒய் தங்கிவிட்டது. கடைசியில் ஓர் ஈயையும் ஒட்டி ‘ஸ்மைத்’ என்று உச்சரித்துவிட்டால் உலைக்களத்துப் புகை வாடையே அடிக்காது. எழுத்தரின் வசதி சீமானின் அந்தஸ்தாகிவிட்டது. இதைவிட வேடிக்கை, பெயரின் முதலில் இரண்டு சிறிய எஃப் போட்டுக்கொள்ளும் குடும்பங்கள். பழைய கையெழுத்தில் பெரிய எஃப் எழுதும் முறையே அதுதான். அதைப் புரியாமல் வம்சப் பெருமையாக்கிக்கொண்டார்கள்.

கேக்ஸ்டன் 1476இல் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் வைத்ததும், 1755இல் ஜான்சனின் அகராதி வந்ததும் சொற்களைப் பிடித்துக் கட்டின. பெயர்களை விட்டுவிட்டார்கள். ஷேக்ஸ்பியருடையவை என்று ஏற்கப்பட்ட ஆறு கையெழுத்துகளில் ஒன்றுகூட நாம் இன்று காணும் எழுத்துக்கூட்டலில் இல்லை. அவர் அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகவும் தெரியவில்லை. ஆக, ‘எங்கள் குடும்பத்து எழுத்துக்கூட்டல்’ என்கிற உரிமைப்பேச்சே பின்னால் முளைத்தது.

அதுகூட யார் எழுதிய எழுத்து? ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் ஒவ்வொரு பங்கிலும் பதிவு செய்யவேண்டும் என்று 1538இல் தாமஸ் கிராம்வெல் உத்தரவிட்டார். பெயரைச் சொன்னவர்களில் பெரும்பாலோருக்கு எழுதத் தெரியாது. குருவின் காதில் விழுந்தது ஏட்டில் ஏறியது. எழுதுகிறவனின் கதையும் இதேதான்: எழுத்தரைக் குறிக்கும் சொல்லை இங்கிலாந்தில் ‘கிளார்க்’ என்றே உச்சரிக்கிறார்கள், ஆனால் ஈ எழுத்தை வைத்து எழுதுகிறார்கள். குடும்பப் பெயரில் மட்டும் ஏ வந்துவிட்டது. சொல் ஏட்டைப் பின்பற்றியது, பெயர் வாயைப் பின்பற்றியது. பழமையாகத் தோன்றும் எழுத்துக்கூட்டல்தான் சில சமயம் பேச்சுக்குப் பக்கத்தில் நிற்கிறது என்பதைப் பழமைவாதிகள் கவனிப்பதில்லை.

பெண்கள் விஷயம் இன்னும் மோசம். பழைய ஆங்கிலத்தில் ‘ஸ்டர்’ பெண்பால் விகுதி. வெப்ஸ்டர் நெசவு செய்கிறவள், பாக்ஸ்டர் ரொட்டி சுடுகிறவள், ப்ரூஸ்டர் மது வடிக்கிறவள். விகுதி பிறகு ஆண்களுக்கும் ஆயிற்று. தொழிற்சொற்கள் வழக்கொழிந்தன, பெயர்கள் அப்பன் வழியாக மகனுக்குப் போயின. நூல் நூற்பவளைக் குறித்த ‘ஸ்பின்ஸ்டர்’ மட்டும் சொல்லாகவே பிழைத்துக் கல்யாணம் ஆகாதவளைக் குறிக்கும் ஏளனமாயிற்று. 1828இல் அமெரிக்க அகராதியை வெளியிட்டு, நிறத்தைக் குறிக்கும் ‘கலர்’ என்ற சொல்லிலிருந்து யுவைக் கழற்றி எறிந்த நோவா வெப்ஸ்டர், நெசவுக்காரி ஒருத்தியின் பெயரைத்தான் ஒரு தூசு தட்டாமல் சுமந்து திரிந்தார்.

தொழிலை வைத்து அமைந்த பெயர்கள் இவ்வளவு கிடைப்பதற்கு முக்கியமான காரணம் ஒன்று உண்டு. 1377, 1379, 1381 ஆண்டுகளின் தலைவரிப் பட்டியல்கள். ஆளைக் கணக்கெடுக்கப் பெயர் வேண்டும்; பல இடங்களில் பெயருக்குப் பக்கத்தில் தொழிலையும் குறித்தார்கள். இந்தப் பட்டியல்களைப் பெயராய்வாளர்கள் பொக்கிஷம் என்கிறார்கள். வரி கட்டியவர்களுக்கு அது பொக்கிஷமாகத் தெரியவில்லை. 1381இல் கிளர்ந்தெழுந்த விவசாயிகள் பண்ணை நீதிமன்றச் சுருள்களைத் தேடிப் பிடித்து எரித்தார்கள். தாங்கள் எழுதப்பட்ட இடம் எது என்று எழுத்தறியாதவர்களுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

அவர்களின் தலைவர் வாட் டைலர். ஓடு வேய்பவர் என்பதற்கான சொல்லை இன்று ஐ போட்டு எழுதுகிறார்கள். இவர் பெயரில் ஒய். அவரைப் பற்றி நமக்குக் கிடைப்பதெல்லாம் அவரை வெறுத்த வரலாற்றுக் குறிப்பாளர்கள் எழுதிவைத்ததே. அறுநூறு வருஷம் கழித்து 1989இல் ஸ்காட்லாந்திலும் 1990இல் இங்கிலாந்து, வேல்சிலும் தலைவரியைத் திரும்பக் கொண்டுவந்தவரின் பெயர் தாட்சர், கூரை வேய்பவர். மளிகைக்காரர் ராபர்ட்சின் மகள். கூரை கணவர் வழியில் வந்தது. 1990 மார்ச் 31 அன்று டிரஃபால்கர் சதுக்கத்தில் கலவரம் வெடித்தது, நவம்பரில் அவர் பதவி விலகினார். டைலருக்கு அந்த அவகாசம் கிடைக்கவில்லை. 1381 ஜூன் 15 அன்று, மன்னனோடு பேச வந்த இடத்தில் ஸ்மித்ஃபீல்டில் வெட்டிக் கொன்றார்கள். அந்த ஊர்ப்பெயரில் இருப்பது கொல்லர் அல்ல. சமதரையைக் குறித்த வேறொரு பழைய சொல், எழுதி எழுதிக் கொல்லராகிவிட்டது.