தலை புதைந்த திருகாணியை ரசிப்பது எப்படி?

தலை புதைந்த திருகாணியைக் கண்ணை விட விரலே நன்றாக அறியும். யாழ்ப்பாணத்துப் பழைய நாற்சார் வீடுகளில் குடுமியில் சுழலும் கதவுகளும் உண்டு. பித்தளைப் பிணைச்சலில் தொங்கும் கதவுகளும் உண்டு. பிணைச்சல் கதவைச் சாத்தும்போது அதன் இரண்டு இலைகளும் ஒன்றின்மேல் ஒன்று படிய வேண்டும். ஒரு திருகாணித் தலை அரை மில்லிமீற்றர் துருத்தினாலும் இலைகள் முட்டும், கதவு நிலையை விட்டு விலகி நிற்கும். அதனால்தான் தலை கூம்பாகவும், அது அமரும் துளையின் வாய் அதே கூம்பாகவும் இருக்கின்றன. திருகாணித் தலைகளின் வெட்டுகள் எல்லாம் ஒரே திசையில் நின்றால், தச்சர் கடைசிக் கால் சுற்றுக்கும் மினைக்கெட்டிருக்கிறார். உப்புக்காற்றில் இரும்பு துருப்பிடித்து வெட்டு மழுங்கிவிடும். பித்தளையில் அந்த ஒழுங்கு நெடுநாள் தெரியும்.

இந்த அழகைக் கணினி வரைபடத்தில் கொண்டுவர மூன்று அளவுகள் போதும்: திருகாணியின் தண்டு நுழையும் துளை, கூம்பு வாயின் விட்டம், கூம்பின் கோணம். எம்5 திருகாணிக்கு வழக்கமான தண்டுத் துளை 5.5 மில்லிமீற்றர். மெற்றிக் திருகாணியின் கூம்புக் கோணம் 90 பாகை. அமெரிக்க அங்குலத் திருகாணிக்கு அது 82 பாகை. இரண்டையும் மாற்றிப் போட்டால் கண்ணுக்கு எளிதில் தெரியாது. ஆனால் 82 பாகைக் குழியில் 90 பாகைத் தலை மேல் விளிம்பில் மட்டும் தொட்டு நிற்கும். முழுச் சுமையும் அந்த மெல்லிய வட்டத்தில் இறங்கும்.

வாயின் விட்டத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். ஐஎஸ்ஓ 7046 தரத்து எம்5 திருகாணியின் தலையை வேணியர் இடுக்கியால் அளந்தால் 9.3 மில்லிமீற்றருக்கு மேல் வராது. அதே அளவில் குழி வரைந்தால் தலை ஏறத்தாழ 0.55 மில்லிமீற்றர் வெளியே நிற்கும். தலையின் கூரிய விளிம்பு ஆலையிலேயே மழுக்கப்பட்டு, சிறு உருளையாக விடப்படுவதே காரணம். கூம்பை அந்த விளிம்பு வரை நீட்டிக் கணக்கிட்ட விட்டம் 10.4, குழிக்கு வேண்டியது அந்த எண். அப்போது தலையின் மேற்பரப்பு தகட்டோடு சமமாகும், சுற்றிலும் மெல்லிய வளையப் பள்ளம் ஒன்று மிஞ்சும். அந்தப் பள்ளத்தைப் பிழையென்று நினைப்பது சரியல்ல. அளவு தெரிந்தவர் போட்ட துளைக்கு அதுதான் அடையாளம்.

சொலிட்வேர்க்ஸின் ஹோல் விசார்ட், ஃபிரீகேட்டின் ஹோல் கருவி ஆகியவற்றில் தரத்தைத் தெரிவு செய்தால் இந்த எண்கள் தாமாக வந்து விழும். ஆனாலும் தகட்டின் தடிப்பை வரைபவரே பார்க்க வேண்டும். 90 பாகைக் கூம்பின் ஆழம், வாய் விட்டத்திலிருந்து தண்டுத் துளையைக் கழித்ததில் பாதி. எம்5க்கு அது 2.45 மில்லிமீற்றர். 2 மில்லிமீற்றர் தகட்டில் கூம்பு அடிவரை ஊடுருவி, துளை கத்தி விளிம்பாகக் கூர்ந்துவிடும். அங்கே எம்3 பொருந்தும்: வாய் 6.3, துளை 3.4, ஆழம் 1.45. வாய் விட்டம் 0.2 கூடினால் தலை 0.1 கீழே இறங்கும். மரத்தில் அந்த இறக்கம் உறுத்தாது. உலோகப் பிணைச்சலில் தெரியும்.

நோர்வே உதவியோடு காரைநகரில் அமைந்த சீநோர் படகுத்தளம் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குக் கண்ணாடியிழைப் படகுகளைப் பழக்கியது. மரத்தையும் உலோகத்தையும் போலன்றி, கண்ணாடியிழையில் இந்தக் கூம்புக் குழி வேறு வேலையும் செய்கிறது. அதன் மேற்பூச்சு கடினமானது, நொறுங்கக்கூடியது. திருகாணியின் புரி அதைக் கிளப்பிவிடும். முதலில் பூச்சை மட்டும் கூம்பாகச் சீவிவிட்டால் புரி அதைத் தொடாமல் உள்ளே இறங்கும். திருகாணியைச் சுற்றிச் சிலந்திவலைக் கீறல் ஓடாத படகில், துளையிட்டவர் அந்தக் கூம்பை முன்பே வெட்டியிருப்பார்.