நாற்பத்தாறு ஆண்டுகள் உறங்கிய ஆய்வுரை

சைக்கிள் டியூபில் காற்றடித்தால் அது விறைக்கிறது. காற்றின் மூலக்கூறுகள் ஓயாது ஓடி டியூபின் சுவரில் மோதுவதே காரணம் என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். இக்கருத்தை விரித்து 1845-இல் பம்பாயிலிருந்து லண்டன் ராயல் கழகத்துக்கு ஓர் ஆய்வுரை சென்றது. எழுதியவர் ஜான் ஜேம்ஸ் வாட்டர்ஸ்டன். கிழக்கிந்தியக் கம்பெனியின் கடற்படை மாணவர்களுக்கு ஆசிரியர். கழகம் அதன் சுருக்கத்தை மட்டும் வெளியிட்டு, முழு உரையைக் கிடங்கில் போட்டுவிட்டது. அது இதற்குத் தகுதியான உரைதானா? குணத்தையும் குற்றத்தையும் சீர்தூக்கிப் பார்ப்போம்.

மோதலே அழுத்தம் என்பதை டேனியல் பெர்னூலி 1738-லேயே கூறியிருந்தார். வாட்டர்ஸ்டன் அதற்கும் அப்பால் சென்றார். ஒரே வெப்பநிலையிலுள்ள இரு வாயுக்களில், மூலக்கூறின் நிறையை அதன் வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் வரும் சராசரி சமம் என்றார். ஆக்சிஜன் மூலக்கூறு ஹைட்ரஜன் மூலக்கூற்றைவிட 16 மடங்கு கனமானது. ஆகவே ஹைட்ரஜன் 4 மடங்கு வேகமாக ஓட வேண்டும். 1833-இல் வெளிவந்த கிரகாமின் பரவல் விதியும் இதே 4 மடங்கைத்தான் தருகிறது! வெப்பநிலை என்றால் என்ன என்பதற்கே இங்கு விடை கிடைத்துவிடுகிறது.

குற்றங்களும் உண்டு. தன்வெப்பங்களின் விகிதம் 5/3 என வர வேண்டிய இடத்தில், கணக்குப் பிழையால் 4/3 எனப் பெற்றார். மூலக்கூறுகளிடையே வேகங்கள் எவ்வாறு பகிர்ந்துள்ளன என்பதையும் அவர் கணக்கிடவில்லை. அதை 1860-இல் மாக்ஸ்வெல் செய்தார்.

ஆனால் உரை ஒதுக்கப்பட்டது இக்குறைகளுக்காக அன்று. மதிப்பிட்டவர்களுள் ஒருவர் அதை வெறும் பிதற்றல் என்று தள்ளினார். மற்றவரின் தீர்ப்புதான் நாம் ஆராய வேண்டியது. அறிந்த உண்மைகள் பலவற்றோடு உரை பொருந்துவதை அவர் ஒப்புக்கொண்டார்; எனினும் அதன் அடிப்படை வெறும் ஊகம் என்று மறுத்தார். ஊகம்தான்! மூலக்கூற்றைக் கண்ணால் கண்டவர் அன்று எவருமில்லை. ஆனால் ஓர் ஊகத்தை அதிலிருந்து விளையும் முடிவுகளைக் கொண்டல்லவா எடைபோட வேண்டும்? கணக்குப் பிழையைத் திருத்திவிடலாம். கிடங்கில் புதைந்த கருத்தை யார் திருத்துவது?

வாட்டர்ஸ்டன் தம்மிடம் பிரதி வைத்திருக்கவில்லை. 1883-இல் அவர் மறைந்தார். 1891-இல் ராலே பிரபு உரையைத் தேடியெடுத்து, மறு ஆண்டில் அச்சேற்றினார். அதற்குள் கிளாசியசும் மாக்ஸ்வெல்லும் அதே உண்மைகளைத் தாமாகவே கண்டுபிடித்திருந்தனர்.

மாணவ நண்பர்களே! இயக்கவியற் கொள்கையின் எடுகோள்களை மனப்பாடம் செய்வதோடு நின்றுவிடாதீர்கள். ஒவ்வொன்றிலிருந்தும் என்ன விளைகிறது, அது சோதனையோடு பொருந்துகிறதா என்று கேளுங்கள். அன்றைய மதிப்பீட்டாளர் பாதி வழியில் நிறுத்திய கேள்வி அதுவே.