மாக்பெத் நாடகமும் ஸ்டூவர்ட் கொடிவழியும்

ஷேக்ஸ்பியரின் மாக்பெத் நாடகத்தைப் பயின்று முடித்த மாணவர் கேட்கும் வினா ஒன்று உண்டு. மாக்பெத் அரசனாவான் என்றும், அவன் தோழனாகிய பாங்க்வோ அரசனாகான், ஆயினும் அவன் வழியில் அரசர் பலர் தோன்றுவர் என்றும் சூனியக்காரியர் மூவர் முதலில் கூறுகின்றனர். முற்பகுதி பலித்துவிடுகிறது. பிற்பகுதி பலித்ததை நாடகத்தில் எங்கும் காணோம். பாங்க்வோவைக் கொலைஞர் வெட்டி வீழ்த்துகின்றனர். அவன் மகன் பிளீயன்ஸ் இருளில் தப்பி ஓடுகிறான். அதன்பின் அவன் மேடைக்குத் திரும்புவதே இல்லை. இறுதியில் முடிசூடப் புறப்படுபவன் கொலையுண்ட டங்கனின் மகன் மால்கம். அவ்வாறாயின் பாங்க்வோவின் வழியினர் அரசரானது எப்போது? எவ்வாறு?

பழைய உரைநூல்கள் இதற்கு ஒரு வரியில் விடை கூறி அமைந்துவிடும். 1603இல் இங்கிலாந்தின் அரியணை ஏறிய முதலாம் ஜேம்ஸ், ஸ்காட்லாந்தில் ஆறாம் ஜேம்ஸ் எனப்பட்டவர், பாங்க்வோவின் வழித்தோன்றல் என்பதே அவ்விடை. கேட்ட மாணவரும் மனநிறைவுடன் அமர்ந்துவிடுவார். ஆயின் பாங்க்வோ என்று ஒருவர் உலகில் வாழ்ந்ததற்குச் சான்றே இல்லை. பிளீயன்ஸ் என்று ஒருவரும் இல்லை. இல்லாத ஒருவருக்கு எட்டு அரசர் எங்ஙனம் பேரராயினர் என்பது நாடகத்தைக் காட்டிலும் சுவையான கதை.

ஹெக்டர் போய்ஸ் என்பார் அபர்டீன் நகரில் கல்லூரித் தலைவராயிருந்தவர். ஸ்காட்லாந்து மக்களின் வரலாற்றை இலத்தீன் மொழியில் எழுதி 1527இல் பாரிஸில் அச்சிட்டார். அந்நூலிலேதான் பாங்க்வோ முதன்முதலாகத் தலைகாட்டுகிறான். அப்போது ஸ்காட்லாந்தை ஆண்டவர் ஸ்டூவர்ட் குலத்து ஐந்தாம் ஜேம்ஸ். போய்ஸ் அவரிடம் உதவித்தொகை பெற்றவர். ஸ்டூவர்ட் என்னும் பெயரே ஒரு பதவியின் பெயர். அரண்மனைக் காரியங்களை நடத்தும் தலைவர் என்பது அதன் பொருள். அரச குலத்தின் பெயர் பணியாளர் பட்டமாக இருப்பது அரசருக்குப் பெருமை தராது என்று கருதினார் போலும். அக்குலத்துக்குத் தொன்மையான ஸ்காட்லாந்து மூதாதை ஒருவர் வேண்டியிருந்தது. அந்த வெற்றிடத்தில் வந்து அமர்ந்தவன் பாங்க்வோ.

போய்ஸ் கூறிய கதையை ஹாலின்ஷெட் என்பார் தம் வரலாற்று ஏட்டில் ஆங்கிலத்தில் சேர்த்தார். அதன் இரண்டாம் பதிப்பு 1587இல் வெளிவந்தது. ஷேக்ஸ்பியர் கையாண்டது அப்பதிப்பே. அதில் பிளீயன்ஸின் கதை நாடகத்தில் உள்ளது போல் இருளோடு முடிந்துவிடவில்லை. அவன் வேல்ஸ் நாட்டுக்கு ஓடுகிறான். அந்நாட்டு அரசன் மகளுடன் கூடுகிறான். செய்தி அறிந்த அரசன் அவனைக் கொல்விக்கிறான். பிறந்த மகன் வால்டர் வளர்ந்து, தன் பிறப்பை இழித்துப் பேசிய ஒருவனைக் கொன்றுவிட்டு ஸ்காட்லாந்துக்கு ஓடிவந்து, அங்கே வீரத்தால் உயர்ந்து ஸ்டூவர்ட் பதவி பெறுகிறான்.

புகழ்வதற்காகப் புனைந்த கொடிவழியில் இத்தகைய பழிப்பிறப்பு ஏன் வந்தது? முழுப் பொய்யைக் கட்டுபவர் இன்னும் அழகாகக் கட்டியிருக்கலாமே! அவர் கையில் சில உண்மைத் துணுக்குகள் இருந்தன என்றே தோன்றுகிறது. அவற்றை விடவும் முடியாமல், பொருத்தவும் தெரியாமல் இவ்வாறு ஒட்டவைத்தார் எனலாம். அத்துணுக்குகள் யாவை என்பதை மெய்யான கொடிவழியை நோக்கினால் அறியலாம்.

ஸ்டூவர்ட் குலத்தின் மெய்யான தோற்றத்தை ஆவணங்களைக் கொண்டு நிறுவியவர்களுள் தலையானவர் ஹோரஸ் ரவுண்ட். பிரபுக் குடும்பங்கள் தமக்குச் சூட்டிக்கொண்ட போலிக் கொடிவழிகளை ஈவு இரக்கமின்றிக் கிழித்தெறிந்த ஆங்கில ஆய்வாளர் அவர். 19ஆம் நூற்றாண்டில் சிலர் தொடங்கி வைத்த இவ்வாய்வை 1901இல் வெளியிட்ட தம் நூலில் அவர் ஐயமற முடித்தார். அவருக்குத் துணைநின்றவை வீரக்கதைகள் அல்ல. துறவிமடங்களுக்கு நிலம் வழங்கிய சாசனங்களும், அவற்றின் அடியில் சான்றாளராகப் பெயர் குறிக்கப்பட்டோர் வரிசையுமே. இன்னார் மகன் இன்னார் என்று ஒரு மடத்து எழுத்தர் போகிற போக்கில் எழுதிவைத்த சொற்கள், நூற்றாண்டுகள் நின்ற ஒரு பெரும் புனைவைச் சாய்த்துவிட்டன.

இன்று பிரெஞ்சு நாட்டின் பகுதியாக உள்ள பிரிட்டனியில் டோல் என்று ஓர் ஊர் உளது. அவ்வூர்த் தலைவரிடம் காரியத் தலைவராக இருந்தவர் ஆலன். அவர் குடும்பத்தில் வந்தவர் பிளாட். பிளாட்டின் மகனுக்கும் ஆலன் என்றே பெயர். முதலாம் ஹென்றி 1100 முதல் 1135 வரை இங்கிலாந்தை ஆண்டார். அவர் காலத்தில் இந்த ஆலன் வேல்ஸ் நாட்டு எல்லையோரமாகிய ஷ்ராப்ஷயரில், ஆஸ்வெஸ்ட்ரி முதலிய இடங்களில் நிலம் பெற்றார். அவர் மக்களுள் வில்லியம் என்பவர் அங்கேயே நிலைத்தார். அவர் வழியினரே பின்னாளில் அரண்டல் பிரபுக்கள் ஆயினர். மற்றொரு மகனாகிய வால்டர் வடக்கே சென்று, 1124 முதல் 1153 வரை ஸ்காட்லாந்தை ஆண்ட முதலாம் டேவிடிடம் ஸ்டூவர்ட் ஆனார்.

இப்போது போய்ஸின் கதையைத் திரும்பப் பார்க்க வேண்டும். பிளாட் என்னும் அயல்நாட்டுப் பெயர் பிளீயன்ஸ் ஆயிற்று எனப் பலர் கருதுவர். வேல்ஸ் எல்லையிலிருந்த நிலவுரிமை, வேல்ஸ் அரண்மனைக் காதலாயிற்று. வால்டர் வேற்று நாட்டிலிருந்து வந்தவர் என்னும் நினைவு, கொலைசெய்து ஓடிவந்த கதையாயிற்று. வால்டர் என்ற பெயர் மட்டும் மாறவில்லை. பழிப்பிறப்பு எங்கிருந்து வந்தது என்பதும் இதனால் விளங்கும். வேல்ஸ் நாட்டில் ஸ்காட்லாந்துக்காரன் ஒருவனைப் பிறப்பிக்க வேறு வழி போய்ஸுக்கு அகப்படவில்லை! ஷேக்ஸ்பியர் இப்பகுதி முழுவதையும் விட்டுவிட்டார். அது நாடகத்துக்கு நல்லதாயிற்று. தப்பிய சிறுவன் எங்கே போனான் என்று அறியாத அச்சம் மாக்பெத்தை அரிப்பதற்கு அந்த இருளே வேண்டும்.

ஷேக்ஸ்பியரின் நாடகக் குழு 1603இல் அரசரின் குழு என்னும் பெயர் பெற்றது. 1605 ஆகஸ்டில் ஜேம்ஸ் ஆக்ஸ்போர்டு சென்றபோது, குறிசொல்லும் மங்கையராக வேடமிட்ட மூவர் அவரைப் பாங்க்வோவின் வழியினர் என்று வாழ்த்தி வரவேற்றனர். மாக்பெத் நாடகம் 1606 அளவில் தோன்றியது என்பர். இவற்றை ஒருங்கே வைத்துப் பார்ப்போர், இந்நாடகம் அரசரை மகிழ்விக்க எழுதிய புகழ்மாலை என்று கூறிவிடுகின்றனர். அதற்கு அவர்கள் காட்டும் பெருஞ்சான்று ஹாலின்ஷெட்டில் ஒரு வகையாகவும் நாடகத்தில் வேறு வகையாகவும் உள்ள பாங்க்வோவின் நடத்தை. ஹாலின்ஷெட்டின் ஏட்டில் டங்கனைக் கொல்லும் சதியில் பாங்க்வோவுக்கும் பங்குண்டு. நாடகத்தில் அவன் கையில் குருதி இல்லை. அரசரின் மூதாதையைக் கொலைஞனாகக் காட்ட இயலாதன்றோ?

ஆயினும் இவ்வாதம் பாதி வழிதான் செல்லும். மூன்றாம் அங்கத்தின் தொடக்கத்தில் பாங்க்வோ தனியே நின்று பேசுவதை நோக்குக. மாக்பெத் அறமல்லாத வழியில் முடிபெற்றான் என்று அவன் ஐயுறுகிறான். அதை எவரிடமும் கூறவில்லை. மாக்பெத்துக்குப் பலித்தது போல் தனக்கும் பலிக்கக்கூடாதா என்று எண்ணி வாய்மூடி இருக்கிறான். பாங்க்வோவும் தீமைக்கு இடங்கொடுத்தவனே என்று பிராட்லி 1904இல் எழுதியது சரியே. வெறும் முகமன் கூற வந்த புலவர் அந்தத் தனிமொழியை எழுதியிரார்.

கலிங்கத்துப் பரணியில் திருமால் முதலாகத் தொடங்கும் இராச பாரம்பரியத்தை எவரும் வரலாறாகக் கொள்வதில்லை. அதனால் பரணியின் சுவை குறைந்தது என்பாரும் இலர். ஷேக்ஸ்பியரிடமும் அவ்வளவில் நின்றால் போதும். அவர் பொய் கூறினார் என்பதும் பொருந்தாது. அக்காலத்து வரலாற்று ஏடு கூறியதையே அவர் எடுத்துக்கொண்டார்.

உண்மையில் குறை காண வேண்டிய இடம் நான்காம் அங்கத்தின் முதற் காட்சி. சூனியக்காரியர் மாக்பெத்துக்கு எட்டு அரசரை வரிசையாகக் காட்டுகின்றனர். எட்டாமவர் கையில் ஒரு கண்ணாடி. அதில் மேலும் பலர் தெரிகின்றனர். சிலர் ஒன்றுக்கு மேற்பட்ட நாடுகளின் அரசச் சின்னங்களை ஏந்தியிருக்கின்றனர். வரிசையின் பின்னே பாங்க்வோவின் ஆவி வருகிறது. ஸ்டூவர்ட் மன்னரை எண்ணிப் பார்க்கலாம். இரண்டாம் ராபர்ட், மூன்றாம் ராபர்ட், முதலாம் ஜேம்ஸ் தொடங்கி ஆறாம் ஜேம்ஸ் வரை அறுவர். ஆக எண்மர். கணக்குச் சரியாக உள்ளது. ஆனால் ஐந்தாம் ஜேம்ஸுக்கும் ஆறாம் ஜேம்ஸுக்கும் இடையே ஸ்காட்லாந்தை ஆண்டவர் ஒருவர் உண்டே! ஐந்தாமவரின் மகளும் ஆறாமவரின் தாயுமான மேரி அரசியார். 1587இல் இங்கிலாந்தில் தலை வெட்டுண்டு இறந்தவர். அவர் இவ்வரிசையில் இல்லை. மகனின் அரசவையைச் சார்ந்த குழு ஆடிய நாடகத்தில் தாய்க்கு இடமில்லாமற் போயிற்று.

மேரியார் ஒருவரை மட்டும் விட்டிருந்தால் அரசியல் அச்சம் எனக் கொள்ளலாம். ஸ்டூவர்ட் குலத்துக்கு மகுடம் தேடித் தந்த பெண்டிர் எவருக்குமே இக்காட்சியில் இடமில்லை. வால்டரின் வழியினர் ஆறு தலைமுறை காரியத் தலைவராகவே இருந்தனர். ஆறாமவருக்கும் வால்டர் என்றே பெயர். அவர் 1315இல் ராபர்ட் புரூஸ் மன்னரின் மகள் மார்ஜரியை மணந்தார். புரூஸின் மகன் டேவிட் 1371இல் மகப்பேறின்றி இறந்தபோது, மார்ஜரி பெற்ற மகன் இரண்டாம் ராபர்ட் என்னும் பெயரோடு அரசரானார். ஸ்காட்லாந்து முடி வந்தது இவ்வாறு. இங்கிலாந்தின் முடி வந்ததும் ஒரு பெண் வழியே. ஏழாம் ஹென்றியின் மகள் மார்கரெட் 1503இல் நான்காம் ஜேம்ஸை மணந்தமையால், நூறாண்டு கழித்து அவர் வழிவந்த ஆறாம் ஜேம்ஸுக்கு அது உரியதாயிற்று. தந்தை வழியை மட்டும் பின்பற்றிச் சென்றால் கிடைப்பது டோல் நகரத்துக் காரியத் தலைவரே. அவ்வழியில் மன்னர் எவரும் இலர்.

இனி அம்மாணவரின் வினாவுக்கு வருவோம். ராபர்ட் புரூஸ் யார்? அவருக்கு அரசுரிமை எங்கிருந்து வந்தது? அவர் பாட்டனாரின் தாய் இசபெல். இசபெல், ஹண்டிங்டன் பிரபுவாகிய டேவிடின் மகள். அந்த டேவிட், முதலாம் டேவிட் மன்னரின் பேரர். முதலாம் டேவிட், மூன்றாம் மால்கம் மன்னரின் மகன். மூன்றாம் மால்கம் யாரெனின், நாடகத்தின் இறுதியில் முடிசூடப் புறப்படும் அதே மால்கம்! ஆக ஜேம்ஸ் மன்னர் பாங்க்வோவின் வழியினர் அல்லர், மால்கமின் வழியினர், கொலையுண்ட டங்கனின் வழியினர். இசபெல், மார்ஜரி, மேரி என்னும் மூன்று பெண்கள் வழியே அக்குருதி அவருக்கு வந்தது. வால்டருக்குப் பதவி தந்தவரும் அந்த மால்கமின் மகனே. அப்பதவி பரம்பரை உரிமை என்று 1157இல் உறுதி செய்தவர் மால்கமின் கொள்ளுப்பேரர். அவர் பெயரும் மால்கம்தான். கவிஞர் பாங்க்வோவின் பின்னே தேடிய அரசர் வரிசை, அவர் ஐந்தாம் அங்கத்தின் முடிவில் மேடையிலேயே நிறுத்திவிட்ட மால்கமிடம் இருந்தது. பிளீயன்ஸ் திரும்பி வரவேண்டிய தேவையே இல்லை.

பெண்வழியை மறந்ததனால் மாக்பெத்துக்கும் பெருந்தீங்கு நேர்ந்தது. வரலாற்று மாக்பெத் 1040இல் எல்ஜின் நகருக்கு அருகே நடந்த சண்டையில் டங்கனை வென்று அரசரானவர். உறங்கும் விருந்தினனைக் குத்திக் கொன்றவர் அல்லர். டங்கனும் நரைத்த முதியவர் அல்லர்; டர்ஹாம் முற்றுகையில் தோற்றுத் திரும்பிய இளையவர். மாக்பெத் 17 ஆண்டுகள் ஆண்டார். 1050இல் உரோமாபுரிக்குத் திருப்பயணம் சென்று ஏழைகளுக்குப் பொருளை வாரி வழங்கினார் என அக்கால ஏடு குறிக்கிறது. நாடகத்தில் பெயரே இல்லாத அவர் மனைவியின் பெயர் குருவோக். அவர் கென்னத் என்னும் மன்னரின் வழிவந்தவர். அக்கால ஸ்காட்லாந்தில் முடி தந்தையிடமிருந்து மகனுக்கு நேரே செல்வதில்லை. அரச குலத்தின் கிளைகளிடையே மாறிமாறிச் சென்றது. அதனை நோக்கின், தன் கிளைக்கு உரியதைக் குருவோக் கேட்டார் என்றும் சொல்லலாம். அப்பெண்ணை முடிவெறி கொண்ட பேயாகவே உலகம் இன்று அறியும்.

அவருக்கு முதற் கணவர் ஒருவர் இருந்தார். 1032இல் தம் ஆட்கள் ஐம்பதின்மருடன் எரியுண்டு இறந்தார். அவருக்குப் பிறந்த மகன் லூலாக், மாக்பெத்துக்குப்பின் சில திங்கள் அரசராயிருந்து 1058இல் கொல்லப்பட்டார். மாக்பெத்தின் மனைவிக்குக் குழந்தைகள் எத்தனை என்று கேட்பது வீண் ஆராய்ச்சி எனக் காட்டுவதற்காக நைட்ஸ் என்னும் திறனாய்வாளர் 1933இல் அவ்வினாவையே தலைப்பாக்கி ஒரு கட்டுரை எழுதினார். நாடகத்துக்கு அது வேண்டாத வினாவே. ஆயின் வரலாறு அதற்கு ஒரு பெயரை விடையாக வைத்திருக்கிறது.

டோல் நகரத்து ஆலனின் வழியினர் இன்றும் உள்ளனர். 2023இல் லண்டனில் மூன்றாம் சார்லஸ் முடிசூடியபோது அவ்விழாவை முன்னின்று நடத்தும் உரிமையுடையவர் நார்போக் டியூக். அரண்டல் பிரபு என்னும் பட்டமும் அவருக்கே உரியது. 16ஆம் நூற்றாண்டில் மேரி என்னும் அரண்டல் குலமகளை நார்போக் டியூக் ஒருவர் மணந்தமையால் அது அக்குடும்பத்துக்கு வந்தது. முடிசூடியவரும் ஜேம்ஸ் மன்னரின் மகள் எலிசபெத்தின் வழியில் வந்தவரே. அண்ணன் தம்பியராகிய வில்லியம், வால்டர் இருவரின் வழியினரும் அன்று ஒரே கோயிலில் நின்றனர். இருவரும் பெண்வழியினர்.

வகுப்பில் இதனை விளக்கும் ஆசிரியர் கரும்பலகையில் இரண்டு கோடுகள் வரைந்தால் போதும். ஒன்று டோல் நகரத்து ஆலனிடமிருந்து, மற்றொன்று மால்கமிடமிருந்து. இரண்டும் 1315இல் மார்ஜரியின் திருமணத்தில் கூடும். மார்ஜரியின் கல்லறை எனப் போற்றப்படுவது ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி நகரத்து மடக்கோயிலில் உளது. அம்மடத்தை 1163 அளவில் நிறுவியவர் முதல் வால்டர்.