இரண்டு மகாபாரதத் தொடர்கள்: எப்படி ரசிப்பது?

பி.ஆர். சோப்ராவின் ‘மகாபாரத்’ 1988 அக்டோபர் 2 அன்று தூர்தர்ஷனில் தொடங்கி, 1990 வரை ஞாயிறு காலைகளில் 94 பகுதிகளாக ஒளிபரப்பானது. 2013 செப்டம்பரில் ஸ்டார் பிளஸ் அதே கதையைப் புதிதாகத் தொடங்கி, ஓராண்டுக்குள் 267 பகுதிகளில் முடித்தது. இந்தப் புதிய தொடர் தமிழில் மொழிமாற்றம் செய்யப்பட்டு விஜய் டிவியிலும் வந்தது. 2020 ஊரடங்கில் பழைய தொடர் மறுஒளிபரப்பானபோது இரண்டையும் ஒப்பிட நல்ல வாய்ப்பு அமைந்தது. ஒப்பிடுவோர் கண்ணில் முதலில் படுவது கிராபிக்ஸ்தான். ஆனால் ரசனைக்கு உரிய வேறுபாடுகள் வேறு இடங்களில் இருக்கின்றன.

தொடக்கம்

ஒரு தொடர் கதையை எங்கே தொடங்குகிறது என்று பார்த்தாலே அதன் நோக்கம் பாதி புரிந்துவிடும். சோப்ராவின் தொடர் பரத மன்னனில் தொடங்குகிறது. தன் பிள்ளைகள் எவருக்கும் அரசாளும் தகுதி இல்லை என்று கண்ட பரதன், தன் மகனல்லாத பூமன்யுவை இளவரசனாக அறிவிக்கிறான். அரியணை பிறப்புக்கா, தகுதிக்கா என்ற இந்தக் கேள்வி திருதராஷ்டிரனின் பிள்ளைப்பாசம் வரை தொடர்ந்து வருகிறது. புதிய தொடர் சந்தனு சத்தியவதியிடம் மயங்கும் கதையில் தொடங்குகிறது. அங்கே முன்னால் நிற்பது தனிமனித ஆசையும் அதன் விளைவும்.

கதைசொல்லி

பழைய தொடரில் கதை சொல்வது காலம். அதற்கு முகம் கிடையாது. ஹரீஷ் பிமானியின் குரல் மட்டுமே. அது நடந்ததைச் சொல்லி, கேள்வியை எழுப்பிவிட்டு நகர்ந்துவிடும். புதிய தொடரில் கிருஷ்ணனே பார்வையாளரை நேராகப் பார்த்து அறிவுரை சொல்கிறார். தீர்ப்பு பார்ப்பவரிடம் விடப்படுகிறதா, கையில் கொடுக்கப்படுகிறதா என்பதை இங்கே கவனிக்க வேண்டும்.

வசனமும் கேமராவும்

பழைய தொடரின் வசனங்களை எழுதியவர் ‘ஆதா காவ்’ நாவலின் ஆசிரியர் ராஹி மாசூம் ராஸா. வாரம் ஒரு பகுதி, அதுவும் ஏறக்குறைய முக்கால் மணி நேரம் என்பதால், ஒரு விவாதம் அவசரமின்றி முழுமையாக நடக்க இடம் இருந்தது. கேமரா பெரும்பாலும் அசையாமல் நிற்கும். முகேஷ் கன்னாவின் பீஷ்மர் குரலாலும் இடைவெளிகளாலும் மட்டுமே காட்சியைத் தாங்குவார்.

புதிய தொடர் தினசரித் தொடர்; ஒவ்வொரு நாளும் ஒரு கொக்கியில் நிறுத்தியாக வேண்டும். ஒரே திடுக்கிடலுக்குப் பல முகங்களின் குளோசப்பும் உரத்த பின்னணி இசையும் வருவது அதனால்தான். ஆனால் அதே தினசரி வடிவம்தான் கிளைக்கதைகளுக்கும் பெண் பாத்திரங்களின் மனநிலைக்கும் அதிக நேரம் தந்தது. உடை, அரங்கம், போர்க்களக் காட்சிகளிலும் புதியதன் உழைப்பு தெளிவாகத் தெரிகிறது.

ஒரே காட்சி, இரு பார்வை

ஒப்பிட மிகப் பொருத்தமானது சூதாட்டச் சபை. தன்னையே முதலில் தோற்றவனுக்கு மனைவியைப் பணயம் வைக்க உரிமை உண்டா என்று வியாச பாரதத்தில் திரௌபதி கேட்கும் கேள்விதான் அதன் உயிர். பழைய தொடரில் ரூபா கங்குலி அந்தக் கேள்வியை ஒவ்வொரு பெரியவரிடமும் கொண்டுபோகிறார், சபை வழக்குமன்றமாகிறது. புதிய தொடரில் பூஜா ஷர்மாவின் சினமும் வேதனையும் நெருக்கமான கேமராவில் பெருகுகின்றன, சபை உணர்ச்சிக்களமாகிறது. பாரதியின் ‘பாஞ்சாலி சபதம்’ படித்தவர்களுக்கு மூன்றாவது அளவுகோலும் கையில் இருக்கிறது. இந்தக் காட்சியில் பேசுபவரைவிடப் பேசாதிருப்பவர்களைப் பார்ப்பது நல்லது. பீஷ்மர், துரோணர் ஆகியோரின் மௌனம் எவ்வளவு நேரம் திரையில் நிற்கிறது என்பதில் இயக்குநரின் தீர்ப்பு தெரியும்.

பார்க்கும் வரிசை

பழையதை முதலில் பார்ப்பதே நல்லது. புதியதன் வேகத்துக்குப் பழகிய கண்ணுக்குப் பழையது மந்தமாகத் தோன்றும். 94 பகுதிகளும் பார்க்க நேரமில்லாதவர்கள் பரதன் கதை, சூதாட்டச் சபை, கீதோபதேசம், அம்புப் படுக்கை ஆகிய நான்கையும் இரண்டு தொடர்களிலும் அடுத்தடுத்துப் பார்க்கலாம். பரதன் கதைக்கு இணையாகப் புதிய தொடரின் முதல் பகுதியை எடுத்துக்கொள்ளலாம். வாதத்தில் பழைய தொடரும் காட்சியில் புதிய தொடரும் மேலோங்கி நிற்பதை இந்த நான்கு இடங்களிலேயே உணரலாம்.