தாராவுக்கு அதன் சொந்தத் தராசு

செனகலில் ‘தாரா’ எனப்படும் குர்ஆன் மனனப் பள்ளிகளைப் பற்றி நல்ல எழுத்துக்குக் குறைவில்லை. அந்த எழுத்துகளை ஒன்றோடொன்று உரசிப் பார்க்கும் பொறுமைதான் குறைவு. மரபைப் போற்றுவோர் அதன் அறிவுக் கோட்பாட்டை விரித்துரைத்துவிட்டுத் தெருவைப் பார்க்க மறுக்கிறார்கள். தெருவில் கையேந்தும் ‘தாலிபே’ சிறுவர்களின் துயரைப் பதிவு செய்வோர், அந்தச் சிறுவன் எதைக் கற்க வந்தான் என்ற கேள்வியை இரண்டு பத்திகளில் கடந்துவிடுகிறார்கள். இரு தரப்பிடமும் சான்று உண்டு. இரண்டையும் சேர்த்தே எடைபோட வேண்டும். என் முடிவை முதலிலேயே வைத்துவிடுகிறேன். மனனக் கல்வி என்ற முறை நிற்கிறது. சிறுவனிடம் தினமும் இவ்வளவு காசு என்று கெடு வைத்து வசூலிக்கும் பள்ளி விழுகிறது. அதை வீழ்த்த வெளியிலிருந்து அளவுகோல் எதுவும் தேவையில்லை. தாராவின் சொந்த அளவுகோலே போதும்.

மரபின் தரப்பில் வலிமையான நூல் ருடால்ஃப் வேர் 2014இல் வெளியிட்ட ‘தி வாக்கிங் குர்ஆன்’. மேற்கு ஆப்பிரிக்கக் குர்ஆன் கல்வியைப் பொருள் புரியாத ஒப்பிப்பு என்று ஒதுக்கிய காலனியப் பார்வையை இந்நூல் ஆதாரத்தோடு உடைக்கிறது. அறிவு ஏட்டில் தங்குவதில்லை, உடலில் குடியேறுகிறது என்பதே அந்தப் பள்ளியின் அடிப்படைக் கோட்பாடு என்கிறார் வேர். மாணவன் மரப்பலகையில் மையால் வசனத்தை எழுதுகிறான். மனத்தில் ஏறும்வரை ஓதுகிறான். பிறகு பலகையைக் கழுவுகிறான். மை கரைந்த அந்த நீரை அருந்தும் வழக்கமும் உண்டு. பலகையில் அடுத்த பாடத்துக்கு இடம் வேண்டுமானால் முந்தைய பாடம் உடலுக்குள் போயிருக்க வேண்டும். எழுத்தும் மனனமும் இவ்வளவு இறுக்கமாகப் பிணைந்த ஒரு கற்பித்தல் முறையை ‘கிளிப்பிள்ளைப் பாடம்’ என்பது சோம்பேறி விமர்சனம்.

நூலின் உச்சம் வரலாற்றுப் பகுதி. 1776இல் செனகல் ஆற்றங்கரையில் ஃபூட்டா டோரோவில் மார்க்க அறிஞர்கள் ஆட்சியைக் கைப்பற்றினார்கள். அப்துல் காதிர் கான் ‘அல்மாமி’ எனும் ஆட்சித் தலைவரானார். குர்ஆனை நெஞ்சில் சுமப்பவரை அடிமையாக விற்பது குர்ஆனையே விலங்கிடுவதாகும் என்ற சீற்றம் அந்த எழுச்சிக்குப் பின்னால் இருந்ததை வேர் நிறுவுகிறார். நூலில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான். அவர் செல்லாத திசையிலும் இந்த வாதம் செல்லும்.

குறை எங்கே என்றால், சான்றின் தேர்வில். மரபுக்காகப் பேசுபவர்கள் பெரும்பாலும் அந்த மரபில் தேறி வந்தவர்கள். பாதியில் ஓடிப்போன சிறுவன் நினைவுக்குறிப்பு எழுதுவதில்லை. கோட்பாட்டை அதன் சிறந்த வடிவத்தில் விளக்கும் நூல், அந்தக் கோட்பாட்டின் பெயரால் இன்று நகரங்களில் நடப்பதற்குச் சாட்சியாக முடியாது. அப்படி அதைப் பயன்படுத்துவது வாசகர்களின் பிழை என்றாலும், அந்தப் பிழைக்கு நூலின் தொனி இடம் கொடுக்கிறது.

ஷேக் ஹமிதூ கானின் 1961ஆம் ஆண்டு நாவல் ‘லாவாந்த்யூர் ஆம்பிகூ’ இந்த விஷயத்தில் கூடுதல் நேர்மையானது. தொடக்கத்திலேயே, வசனத்தில் நா பிறழ்ந்த சாம்பா தியாலோவின் தொடையை ஆசிரியர் தியெர்னோ நகம் பதியக் கிள்ளுகிறார்; காதைக் காயப்படுத்துகிறார்; எரியும் கொள்ளியாலும் சுடுகிறார். அந்த மாணவன்மேல்தான் அவருக்கு அளவற்ற அன்பு. வலியையும் அன்பையும் ஒரே பக்கத்தில் வைத்து, எதையும் மன்னிக்காமலும் எதையும் பழிக்காமலும் நகரும் அந்த எழுத்தின் கட்டுப்பாடு பெரிய சாதனை. ஆனால் அதே கட்டுப்பாடு ஒரு கேள்வியைத் திறந்தே விட்டுவிடுகிறது: அந்த வலி மனனத்துக்கு உதவியதா, அல்லது மனனம் வலியையும் மீறி நடந்ததா? அடிக்கு ஆதரவாக இந்நாவலை மேற்கோள் காட்டுவோர் இதை எண்ணிப் பார்ப்பதில்லை. கான் பிற்காலத்தில் யுனிசெஃப் பணியில் இருந்தவர் என்பதும் அவர்கள் நினைவுக்கு வருவதில்லை.

நாவலில் இன்னொரு நுட்பம் உண்டு. சாம்பா தியாலோ ஆளும் குடும்பத்துப் பிள்ளை. அவனும் கந்தல் உடுத்தி, மற்ற மாணவர்களோடு வீடுவீடாகச் சென்று உணவு கேட்கிறான். அது அவன் குலத்து உறவினருக்குப் பொறுக்கவில்லை, ஆசிரியர் விட்டுக்கொடுக்கவில்லை. அந்த இரப்புக்கு உள்ளிசைவு இருந்தது. உயர்ந்தவனும் தாழ்ந்தவனும் ஒருபோலக் கையேந்தினார்கள். கேட்டது உணவு, உண்டதும் கேட்டவர்களே. ஊரார் அந்தப் பிள்ளைகளை அறிந்திருந்தார்கள்.

தலைநகர் டக்காரின் இன்றைய தெருவில் இந்த மூன்றும் இல்லை. 1970களின் வறட்சி நிலக்கடலை விளையும் உள்நாட்டை வாட்டியது; மழைக்காலத்தில் வயலும் வறட்காலத்தில் பலகையுமாக இருந்த தாராக்கள் பல நகரத்துக்கு இடம்பெயர்ந்தன. வயல் போயிற்று, அறிந்த ஊரும் போயிற்று. நகரம் உணவைவிட நாணயத்தை எளிதில் தந்தது. உணவு கேட்டால் வயிறு நிறைந்ததும் கேட்பது நிற்கும். காசுக்கு அந்த எல்லை கிடையாது. செனகலின் தாரா கெட்ட இடம் எது என்று ஒற்றை விடை கேட்டால் இதைத்தான் காட்டுவேன்.

இனி மறுதரப்பு. மனித உரிமை அமைப்பான ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2010இல் வெளியிட்ட அறிக்கை 175 தாலிபேக்களின் நேர்காணல்களை அடித்தளமாகக் கொண்டது. அதன் நிறை, விவரத்தின் துல்லியம்: எத்தனை பிராங்க் கெடு, குறைந்தால் என்ன அடி, எங்கே உறக்கம், நோய் வந்தால் யார் பார்ப்பது. வெள்ளிக்கிழமை தானம் கூடுதலாகக் கிடைக்கும் என்பதால் அன்றைக்குக் கெடுவும் கூடுகிறது என்ற ஒரு செய்தி போதும், இங்கே வழிபாட்டு நாள் வசூல் நாளாக மாறிவிட்டதைக் காட்ட. 2019ஆம் ஆண்டு அறிக்கை இன்னும் கடுமையானது. 2017, 2018 ஆகிய இரண்டு ஆண்டுகளில் கொடுமையாலும் கவனிப்பின்மையாலும் 16 சிறுவர்கள் இறந்ததையும், சிறுவர்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்ட நிகழ்வுகளையும் அது பதிவு செய்கிறது.

குறையும் உண்டு. இரக்கும் சிறுவர்களைத் தேடிச் சென்று தொகுத்த மாதிரி, எல்லாத் தாராக்களுக்கும் பேசாது. அறிக்கைகளே இதை ஒப்புக்கொள்கின்றன. அவற்றைச் சுருக்கித் தரும் செய்தித்தாள்கள் ஒப்புக்கொள்வதில்லை. ஆட்கடத்தலைத் தடுக்கும் அரசுப் பிரிவு டக்கார் வட்டாரத்தில் எடுத்து 2014இல் வெளியிட்ட கணக்கில் தாலிபேக்கள் 54,000க்கு மேல். இரப்பவர்கள் 30,000 அளவு. பாதிக்கு மேல் என்பது பேரிழிவு. ஆனால் மீதிப் பேர் இரக்காமல் படிக்கிறார்கள் என்பதும் அதே கணக்கில் இருக்கிறது. இரப்பில்லாமல் தாரா நடத்த முடியாது என்ற வாதத்துக்கு இதைவிட வலுவான மறுப்பு வேண்டியதில்லை.

இப்போது சொந்தத் தராசுக்கு வரலாம். தாராவின் இலக்கு ஹாஃபிஸ்: முழுக் குர்ஆனையும் மனத்தில் ஏற்றியவர். 2010ஆம் ஆண்டு அறிக்கையின்படி ஒரு சிறுவன் இரப்பில் செலவிடுவது நாளுக்குச் சராசரியாக எட்டு மணி நேரத்தை ஒட்டி வருகிறது. மனனம் விடியற்காலைப் புத்துணர்ச்சியைக் கேட்கும் வேலை. ஒரே வசனத்தைத் திரும்பத் திரும்ப ஓதும் நேரத்தையும், பிழை திருத்தும் ஆசிரியரின் காதையும் கேட்கும் வேலை. தகர டப்பாவோடு போக்குவரத்துச் சிக்னலில் எட்டு மணி நேரம் நின்றவனுக்கு இவற்றில் எது மிஞ்சும்? ஆண்டுகள் பல கழித்தும் குர்ஆனின் சிறு பகுதியோடு வெளியேறும் பிள்ளைகள் இதற்கு விடை. வசூல் குறைந்ததற்காக விழும் அடியைத் தியெர்னோவின் கிள்ளலோடு ஒப்பிடவும் முடியாது. தியெர்னோ தண்டித்தது நாவின் பிழையை. இங்கே தண்டிக்கப்படுவது சட்டைப்பையின் வெறுமை. சங்கிலியைப் பற்றி வேர் விவரிக்கும் 1776 எழுச்சியே தீர்ப்புச் சொல்லிவிட்டது. குர்ஆனைச் சுமக்கும் உடலை விலங்கிடுவது அந்த மரபுக்கே பெருங்குற்றம் என்றால், பலகையோடு வந்த ஏழு வயதுப் பிள்ளையின் காலில் பூட்டும் சங்கிலிக்கு மரபிலிருந்து ஒரு வரி ஆதரவும் தேட முடியாது.

ஆசிரியரின் வறுமை உண்மையானது; பலர் மாணவரிடம் கட்டணம் வாங்காமல் கற்பிக்கிறார்கள். ஆனால் அந்த வறுமையின் சுமையை ஊரும் அரசும் ஏற்க வேண்டும், பள்ளியின் மிகச் சிறியவன் அல்ல. அதற்கு முன்மாதிரி உள்ளேயே இருக்கிறது. ஒரு தாலிபேயைத் தன் பிள்ளைபோல் ஏற்று உணவிட்டு, துணி துவைத்துக் கொடுக்கும் அக்கம்பக்கத்துப் பெண்களை ‘தாராவின் தாய்’ என்கிறார்கள். இந்த எளிய ஏற்பாட்டை அறிக்கைகளும் புகழுரைகளும் ஒன்றுபோலக் குறைத்தே மதிப்பிட்டிருக்கின்றன. கொடுப்பவர்களின் பங்கையும் சொல்லியாக வேண்டும். அமினாத்தா சோ ஃபால் தன் 1979ஆம் ஆண்டு நாவலில் இரவலர்களை வேலைநிறுத்தம் செய்யவைத்து, தானம் கொடுத்துப் பலன் தேடுவோருக்கு இரவலர் எவ்வளவு தேவை என்று காட்டிவிட்டார். சர்க்கரைக் கட்டியும் சில்லறையும் தகரத்தில் போட்டுப் போகிறவர், அந்தக் காசு எந்தக் கைக்குப் போகிறது என்று கேட்பதில்லை.

சட்டத்தின் நிலையோ மோசம். 2005ஆம் ஆண்டுச் சட்டம் பிறரை இரக்கவைத்துப் பிழைப்பதற்கு இரண்டு முதல் ஐந்து ஆண்டுச் சிறை வைக்கிறது. தண்டனைச் சட்டத்தின் 245ஆம் பிரிவோ சமய மரபு ஏற்ற நாளிலும் இடத்திலும் கேட்கும் தானம் இரப்பாகாது என்கிறது. 2010இல் பிரதமர் இரப்பைத் தடைசெய்ததும் சில ஆசிரியர்கள் தண்டிக்கப்பட்டார்கள். எதிர்ப்பு எழுந்ததும் சில வாரங்களில் அதிபர் வாத் தடையைக் கைவிட்டார். 2013 மார்ச்சில் டக்காரின் மெதினாப் பகுதியில் ஒரு தாரா எரிந்து குறைந்தது எட்டுப் பிள்ளைகள் இறந்த பிறகு, தரமற்ற தாராக்களை மூடுவோம் என்று அதிபர் மக்கி சால் அறிவித்தார். தாராக்களுக்குத் தகுதி வகுக்கும் மசோதாவை அமைச்சரவை ஏற்க 2018 ஆயிற்று.

1857இல் செயின்ட் லூயியில் குர்ஆன் பள்ளிகளுக்கு அனுமதி கட்டாயம் என்று பிரெஞ்சுக் காலனிய ஆளுநர் ஃபெதெர்ப் ஆணையிட்டதிலிருந்து, ஆய்வாளரின் வருகை என்றாலே அன்னிய ஆதிக்கம் என்று ஆசிரியர்கள் அஞ்சுவதற்குக் காரணம் இருக்கிறது. அந்த அச்சத்தை மதித்தே ஒரு சோதனையை முன்வைக்கலாம். பாடத்திட்டத்தில் கைவைக்க வேண்டாம், பிரெஞ்சைத் திணிக்க வேண்டாம். ஆய்வாளரோடு தேறிய ஹாஃபிஸ் ஒருவரையும் அனுப்பட்டும். எந்தப் பிள்ளை எத்தனை மாதத்தில் எத்தனை அத்தியாயம் ஓதுகிறான், நாளில் எத்தனை மணி நேரம் பலகையோடு இருக்கிறான் என்று அவர் கேட்கட்டும். கெடு வைத்து வசூலிக்கும் பள்ளிகள் இந்த இரண்டு கேள்விகளில் விழும். அவற்றை மூடி, நடத்துவோர்மேல் 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வழக்குத் தொடர வேண்டும். தேறும் பள்ளிக்கு அரசு ஆசிரியர் ஊதியமும் உணவும் தர வேண்டும்.